வாலியர் வீடும் வேடியப்பன் கோயிலும்: ஜவ்வாது மலையின் தொல் வழிபாட்டிடங்கள்

ஜவ்வாது மலையில் கீழ்சேப்பிளி ஊரை ஒட்டிய மேட்டில் பலகைக் கற்களால் ஆன சிறு அறைகள் கூட்டமாக நிற்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக நான்கு கற்கள். ஒன்றின் விளிம்பு மற்றொன்றுக்கு முட்டுக் கொடுக்கும்படி நட்டு, மேலே ஒரே மூடுகல்லை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கக் கல்லில் வட்டமாகக் குடைந்த துளை இருக்கும். தொல்லியலார் இவற்றைக் கல்திட்டை என்கிறார்கள். மலையில் அந்தச் சொல் புழங்குவதில்லை. 'வாலியர் வீடு' என்பார்கள். 'குள்ளர் குகை' என்றும் சொல்வார்கள். முன்னொரு காலத்தில் குட்டை மனிதர்கள் இங்கே குடியிருந்தார்களாம், துளைதான் அவர்களுக்கு வாசலாம்.

சிரித்துவிட்டுப் போகிற கதை இல்லை இது. துளையைப் பாருங்கள். வளர்ந்த ஆள் உள்ளே போக வேண்டுமானால் தோளைக் குறுக்கி, மண்ணில் படுத்து ஊர வேண்டும். போனாலும் நிமிர்ந்து நிற்க இடமில்லை. இதை வீடு என்று எடுத்துக்கொண்டால், இதில் இருந்தவர் குள்ளராகத்தான் இருந்திருக்க முடியும். கண்ணால் கண்ட அளவிலிருந்து ஊரார் செய்த அனுமானம் அது. தொடங்கிய இடம் தவறு. தருக்கத்தில் பிழை இல்லை.

இப்படி அனுமானித்தவர்கள் ஜவ்வாது மலைக்காரர்கள் மட்டுமில்லை. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் ஹிரேபெணகல் குன்றின்மேல் நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் இருக்கின்றன. மோரியர் என்ற குள்ளர்கள் அங்கே குடியிருந்தார்களாம்; அந்தக் குன்றை மோரியர் குன்று என்றே ஊரார் அழைக்கிறார்கள். நம்முடைய கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் 'மோரியர் வீடு' என்ற பேச்சு உண்டு. இன்னும் தொலைவுக்குப் போனால் மெக்சிகோ. அஸ்டெக் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் தம்மை மெஷிகர் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் 1325 அளவில் ஏரித் தீவொன்றில் தெனோச்தித்லான் நகரை நிறுவினார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாழாகிப் போயிருந்த தெயோதிவாக்கான் என்ற பெருநகரம் பக்கத்தில் கிடந்தது. அதன் பிரமிடுகளை அரக்கர்கள் வாழ்ந்த காலத்தில் கட்டியதாக, 16ஆம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியாரிடம் அந்நாட்டு முதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மிகப் பெரியதைக் கண்டவர்கள் அரக்கரைச் சொன்னார்கள். மிகச் சிறியதைக் கண்டவர்கள் குள்ளரைச் சொன்னார்கள். கட்டியவர்கள் யார் என்ற நினைவு அறுந்துபோன இடங்களில் மனித மனம் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

ஆனால் மெஷிகர்கள் அந்தப் பாழ்நகரை அப்படியே விட்டுவிடவில்லை. தெய்வங்கள் உருவான இடம் என்று அதற்குப் பெயர் வைத்து, அங்கே சென்று வழிபட்டார்கள். ஜவ்வாது மலையைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இந்தச் செய்திதான். இந்த மலையின் பழங்கற்களைப் பற்றிய பேச்சுகளில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. யார் கட்டினார்கள் என்பது ஒன்று. யாருக்கு இது சாமி என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடையைக் கொண்டு இரண்டாவதை மூடப் பார்ப்பவர்களும் உண்டு, இரண்டாவதைக் கொண்டு முதலாவதை நிரப்பப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தால்தான் இந்த மலையின் வழிபாட்டு வரலாறு தெளிகிறது என்பது என் முடிவு.

மண்ணுக்குள்ளிருந்து

முதலில் கட்டியவர்கள். கல்திட்டை, கற்பதுக்கை, கல்வட்டம், நெடுங்கல், தாழி என்று தென்னிந்தியாவெங்கும் சிதறிக் கிடக்கும் பெருங்கற்சின்னங்களை வகைப்படுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவந்தது வி. டி. கிருஷ்ணசுவாமி 1949இல் எழுதிய ஆய்வு. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1947இல், மார்ட்டிமர் வீலர் பிரம்மகிரியில் நடத்திய அகழாய்வு இவற்றின் காலவரிசைக்கு ஓர் அடித்தளம் போட்டது. தோண்டிய இடங்களிலெல்லாம் திரும்பத் திரும்பக் கிடைத்த பொருள்கள் ஒரே கதையைச் சொல்கின்றன: எலும்புத் துண்டுகள், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானைகள், இரும்புக் கருவிகள். எலும்புகள் பெரும்பாலும் முழு உடலாக இல்லை. இறந்தவரை வேறெங்கோ கிடத்தி, தசை நீங்கிய பிறகு எலும்புகளைப் பொறுக்கிவந்து வைத்த ஈமம் அது. வீடு என்ற கருத்துக்கு இங்கே இடமில்லை.

துளை எதற்கு? ஒருமுறை அடைத்து மூடிவிடும் குழியாக இருந்தால் துளை வேண்டியதில்லை. மறுபடியும் எலும்பு வைக்க, மறுபடியும் படையல் வைக்கத் துளை வேண்டும். கல்லறைக்குள் கைநீட்டிக் கொடுக்கும் வழியாக இதைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவி வந்துபோகும் வழி என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும், இறந்தவரோடு உறவு முடிந்துவிடவில்லை என்று நினைத்தவர்கள் குடைந்த துளை அது. சமாதிக்கும் கோயிலுக்கும் நடுவே நாம் போடும் கோடு அவர்களிடம் அவ்வளவு அழுத்தமாக இருந்ததாகத் தெரியவில்லை.

மலையடிவாரத்தில் இதற்கு இன்னொரு சாட்சி நிற்கிறது. தண்டராம்பட்டுப் பக்கம் மோட்டூரில், பலகைக் கற்களால் ஆன வட்டத்துக்குள், தலையும் இரு தோளும் தெரியும்படி செதுக்கிய ஒரு பெருங்கல். முகம் இல்லை, கைகால் இல்லை. ஆனால் ஆள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்தில் இதே வகைக் கல்லை ஊரார் விசிறிப்பாறை என்கிறார்கள். இறந்தவரின் உருவமா, காக்கும் தாய்த்தெய்வமா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் ஒரு பக்கம் சாய வேண்டிய அவசியம் தோன்றவில்லை. இன்றும் நம் ஊர்களில் கன்னியாக இறந்த பெண் அந்தக் குடும்பத்துக்குத் தெய்வமாகிறாள். ஆடிக்கும் பொங்கலுக்கும் அவளுக்குப் புடவை வைக்கிறோம். இறந்தவரும் காப்பவரும் ஒருவரே ஆவது நமக்குப் புதிதில்லை.

காலம் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பக்கத்து மாவட்டங்களில் கண்ணில் படும் ஒவ்வொரு கல்திட்டைக்கும் 'நான்காயிரம் ஆண்டு' என்று பட்டம் கட்டும் வழக்கம் பரவிவிட்டது. மயிலாடும்பாறையின் எண் மயிலாடும்பாறையின் அந்த மண்ணடுக்குக்கு உரியது. பெருங்கற்சின்னம் எழுப்பும் வழக்கம் கிறித்து காலத்தை ஒட்டியும் தொடர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்த ஒரு வழக்கத்தின் எந்தக் கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட அறை எழுந்தது என்பதை அந்த அறையின் மண்ணும் எலும்பும் கரியும்தான் சொல்ல வேண்டும். கடன் வாங்கிய பழமை ஜவ்வாது மலைக்குத் தேவையில்லை.

அதற்குச் சொந்தமாகவே பழமை இருக்கிறது. மலைக்கு மேற்கே, திருப்பத்தூர் வட்டத்துப் பையம்பள்ளியில் 1964-65லும் 1967-68லும் எஸ். ஆர். ராவ் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. புதிய கற்கால மக்கள் அங்கே தரையில் குழி வெட்டி, மேலே கூரை போட்டு வசித்திருக்கிறார்கள். தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடாரிகள் இருந்தன. கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. அந்த அடுக்குக்குக் கிடைத்த கரிமக் கணிப்பு கி.மு. 1390 அளவில் நிற்கிறது. அதற்கு மேல் அடுக்கில் பெருங்கற்கால மக்கள். குத்துமதிப்பாகப் பேச வேண்டியதில்லாத ஓர் ஊர் மலையின் காலடியிலேயே இருக்கிறது.

கோடாரி பிள்ளையார்

இனி இரண்டாவது கேள்வி. ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று ஊராட்சிகள் உள்ளன. 'நாடு' என்ற சொல்லை இன்னும் பழைய பொருளில் வைத்திருப்பவர்கள் மலைவாழ் மக்கள். இந்தப் பகுதியில் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரித் தமிழ்த் துறையினர் பல ஆண்டுகளாகக் கள ஆய்வு செய்து வெளிக்கொண்டுவந்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது இது: மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் சாமியாக வைத்துக் கும்பிடப்படும் கற்களுள் பல, புதிய கற்காலக் கோடாரிகள். நிலத்தை உழும்போதோ, மழை அரித்தபோதோ கிடைத்திருக்க வேண்டும். உள்ளங்கைக்கு அடங்கும் கறுப்புக் கல், ஒரு முனை கூர், மறுமுனை அகன்ற வாய். இயற்கையில் அப்படி ஒரு கல் உருவாகாது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மனிதர் செய்ததாகவும் தோன்றவில்லை. எடுத்துவந்து மஞ்சள் குங்குமம் வைத்துப் பிள்ளையாரோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கோடாரிகளை இடி விழுந்த இடத்தில் முளைத்த கல் என்று நம்பி, வீட்டுக் கூரையில் செருகி வைத்தார்கள். ஆனால் இதற்கு மிக நெருங்கிய ஒப்புமை தெனோச்தித்லானின் பெருங்கோயிலில்தான் இருக்கிறது.

1978 பிப்ரவரி 21 அன்று மெக்சிகோ நகரத்தின் நடுவில் மின்வாரியத் தொழிலாளர்கள் குழி தோண்டும்போது கோயோல்ஷௌகி என்ற நிலவுத் தெய்வம் செதுக்கப்பட்ட வட்டக் கல் வெளிப்பட்டது. எதுவார்தோ மாத்தோஸ் மொக்தேசுமா தலைமையில் அகழாய்வு தொடங்கியது. ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு முறை பெரிதாக்கிக் கட்டிய கோயில் புலப்பட்டது. உச்சியில் இரண்டு கருவறைகள்: ஒன்று போர்த்தெய்வம் உய்த்சிலொபோச்த்லிக்கு, மற்றொன்று மழைத்தெய்வம் த்லாலோக்குக்கு. படிக்கட்டுகளின் அடியிலும் தளங்களுக்குள்ளும் கல்பெட்டிகளில் காணிக்கைகள். அவற்றுள் ஒன்றில் பச்சைக் கல்லில் செய்த சிறு முகமூடி கிடைத்தது. அது மெஷிகர் செய்ததில்லை. அவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய ஓல்மெக் மக்கள் செய்தது. தெயோதிவாக்கான் முகமூடிகளும் அதுபோலவே கிடைத்தன. பேரரசு நடத்தியவர்கள், தங்களுக்குத் தெரியாத பழையவர்களின் பொருளைத் தேடி எடுத்து, தம் கோயிலின் அடிவயிற்றில் வைத்திருக்கிறார்கள்.

பேரரசின் தலைமைக் கோயிலும் புதூர்நாட்டு மரத்தடியும் ஒன்றா என்று கேட்கலாம். அளவில் ஒப்பில்லை. செயலில் ஒப்பு இருக்கிறது. பழையவர் பொருள் கையில் கிடைத்ததும் அதைப் புழங்குபொருளாக்காமல் உயரத்தில் வைத்தார்கள், இரு இடத்தவரும். இதை மலை மக்களின் அறியாமை என்று எழுதும் செய்திக் குறிப்புகளைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. நாலு பேர் மிதிக்கும் தடத்தில் கிடந்து உடைந்துபோயிருக்க வேண்டிய கோடாரிகள் முழுதாக நமக்குக் கிடைத்திருப்பது யாரோ ஒரு பூசாரி அவற்றுக்கு எண்ணெய் பூசி வைத்ததால்தான்.

நடுகல் நிற்கும் வழி

கல்திட்டைக்கும் இன்றைய கோயிலுக்கும் இடையே ஒரு பாலம் தேடுகிறவர்கள் மலையை விட்டு இறங்கிச் செங்கத்துக்கு வர வேண்டும். ஜவ்வாது மலையின் தென்மேற்கு அடிவாரம் அது. சங்க காலத்தில் செங்கண்மா. நன்னன் சேய் நன்னனின் ஊர். பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பட்ட மலைபடுகடாம் 583 அடிகளில் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தர் கூட்டம் ஒன்றை நன்னனிடம் அனுப்பும் பாட்டு. நவிர மலை, அங்கே உறையும் காரியுண்டிக் கடவுள், கீழே ஓடும் சேயாறு என்று இந்த வட்டாரத்தையே கண்முன் விரிக்கும் அந்தப் பாட்டில், கவர்வழிகளில் பெயர் பொறித்து நட்ட கற்கள் மிகப் பல என்றும், அவற்றுக்கு இனிமையாகப் பாடிவிட்டுக் கடந்து செல்லுங்கள் என்றும் கூத்தருக்குச் சொல்லப்படுகிறது. வழிகாட்டுகிறவர் மேடு பள்ளத்தையும் விலங்கையும் மட்டும் சொல்லவில்லை. எங்கே நின்று யாருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். வழிபாட்டிடம் என்பது வழியின் ஒரு பகுதியாக இருந்த காலம் அது.

அந்தப் பாட்டுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய கற்கள் இன்றும் கிடைக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த வட்டாரத்தை அலசித் திரட்டியவற்றை இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் 'செங்கம் நடுகற்கள்' வெளிவந்தது. பெரும்பாலானவை பல்லவர் காலம்: சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகள் வட்டெழுத்தில் பொறித்தவை. காஞ்சியில் பல்லவர் குகைக்கோயில்களுக்கும் வடமொழிக்கும் ஆதரவு தந்த அதே நாட்களில், இந்த மலையடிவாரத்துச் சிற்றூர்கள் ஆநிரை மீட்டு இறந்த தம் பிள்ளைகளுக்குத் தமிழில் கல் எழுதின. அரசனின் பெயர் காலம் காட்டத்தான் வருகிறது. பேசப்படுபவன் மாடு மேய்த்தவன், காவல் நின்றவன், தொறு மீட்டவன்.

எடுத்தனூர்க் கல்லை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. வாணகோ அரைசரின் உறவினரிடம் பணிசெய்த கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான். கல்லில் அவன் வில்லோடு நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாய். நாய்க்கும் தனியாக ஓர் எழுத்து: அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்ன ஊர் அது. பெருந்தெய்வக் கோயில்களைக் கொண்டே சமய வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஒரு கல்லுக்கு எங்கே இடம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நடுகற்கள் பின்னால் என்ன ஆயின? திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில், வேப்பமரத்தடியில் 'வேடியப்பன் கோயில்' என்று கேட்டால் காட்டுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நிற்பது நடுகல். கையில் வில், இடுப்பில் குறுவாள், காலடியில் சிலவேளை குடுவையும் சிமிழும். எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இறந்தவனின் சொந்தப் பெயர் மறைந்து, வேட்டுவன் என்ற பொதுப்பெயர் தெய்வப்பெயராகிவிட்டது. பொங்கல் வைப்பது நிற்கவில்லை. ஒருவனுடைய சமாதிக்கல் அவனை அறியாதவர்களுக்குக் கோயிலானதன் முழு வரலாறும் அங்கே எழுத்தோடு இருக்கிறது. கல்திட்டை விஷயத்தில் நாம் ஊகிக்க வேண்டியிருப்பதை நடுகல் விஷயத்தில் படித்தே தெரிந்துகொள்ளலாம். அதனால்தான் ஜவ்வாது மலையின் கல்லறைகளைப் புரிந்துகொள்ளச் செங்கத்துக் கற்கள் இன்றியமையாதவை என்கிறேன்.

ஏழு நாய்கள்

இன்று மலையில் இருப்பவர்கள் யார்? பட்டியல் பழங்குடியினராக அரசு ஏற்றிருக்கும் மலையாளிகள். கேரளத்தோடு தொடர்பில்லை, மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள், புளியும் பலாவும் சந்தைக்கு இறக்குவார்கள். கல்திட்டை கட்டியவர்களின் நேர் வாரிசுகள் இவர்களே என்று எழுதுவது இப்போது பரவலாகிறது. நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் மலையாளிகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிவந்த கதை வேறு.

வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் எட்கர் தர்ஸ்டன் தம் தொகுதிகளில் எடுத்தாண்ட கதை இது. கங்குந்தியின் வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். மறுத்ததால் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்தோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கடந்தார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் சேர்ந்தன. வேடரைக் கொன்று காரியம் முடித்து வீடு வந்தவர்களுக்கு, கருமாதி நடந்து மனைவியர் தாலி அறுத்திருந்தார்கள். உயிரோடிருந்தும் இறந்தவர் ஆனவர்கள் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் மலையாளிகள்.

வரலாற்றுச் செய்தியாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மலையாளிகளிடம் காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று வேறு வடிவம் வழங்குகிறது. ஆனால் கதையின் அடிப்படையை அலட்சியம் செய்யக்கூடாது. நாங்கள் வெளியிலிருந்து வந்தோம், எங்களுக்கு முன் இங்கே ஆள் இருந்தார்கள், அவர்கள் பெண்களை மணந்தோம் என்கிறது அது. வாலியர் கதையும் அதையே சொல்கிறது: இந்தக் கல்வீடுகள் எங்களுடையவை இல்லை, எங்களுக்கு முன்னிருந்தவர்களுடையவை. உரிமை கொண்டாடாமல் மரியாதை செய்யும் இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரத்த வாரிசு என்று நிரூபித்தால்தான் அந்தக் கற்கள்மேல் அவர்களுக்குச் சொல்லுரிமை என்று வாதம் போகுமானால், அதை நான் ஏற்கமாட்டேன். தலைமுறை தலைமுறையாகக் கலைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

கல்லறையிலிருந்து கருவறை

இன்னொரு கோட்பாட்டையும் எடைபோட வேண்டும். நான்கு கல்லும் மூடுகல்லும் கொண்ட கல்திட்டைதான் வளர்ந்து நம் கோயிலின் கருவறை ஆயிற்று என்பது அது. கேட்க அழகாக இருக்கிறது. உருவத்தில் ஒப்புமையும் தென்படுகிறது: சதுர அறை, இருட்டு, ஒரே திறப்பு. பள்ளிப்படைகளையும் சான்று காட்டுவார்கள். அதே பழைய வட ஆர்க்காட்டில் மேல்பாடியில், ஆற்றூரில் இறந்த அரிஞ்சயச் சோழனுக்காக முதலாம் இராசராசன் எடுப்பித்த கோயில் நிற்கிறது. இறந்தவருக்கு எழுப்பிய இடத்தில் லிங்கம் இருக்கிறது.

பள்ளிப்படை வரை நான் உடன்படுகிறேன். இறந்தவரை வழிபடும் வழக்கத்திலிருந்து ஒரு கிளை கோயிலுக்குள் சென்றது என்பதற்கு நல்ல ஆதாரம் அது. கட்டட வடிவம் என்று வரும்போது தயக்கம் வருகிறது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று சொல்லப்படுவதைப் பாருங்கள். கூரை வேய்ந்த குடிசையை அப்படியே கல்லில் பெயர்த்தது. தமிழ்நாட்டுக் கோயிலின் வடிவம் மரத்திலும் மண்ணிலும் ஓலையிலும் கட்டிய வீட்டிலிருந்து வந்ததை அது வெளிப்படையாகக் காட்டுகிறது. சதுரமும் இருட்டும் மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

மலைமேல் கட்டுமானக் கோயிலும் உண்டு. கோவிலூரில் பிற்காலச் சோழர் காலத்துச் சிவன் கோயிலில் திருப்பணி நடந்தபோது, 2025 நவம்பரில் மண் பானையில் 103 தங்கக் காசுகள் கிடைத்தன. செய்தி வந்த வாரத்தில் எல்லோரும் தங்கத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, இவ்வளவு உயரத்தில், சமவெளி நாணயத்தோடு தொடர்பு கொண்ட ஒரு கோயில் இருந்தது என்பதே. ஜவ்வாது மலை ஒதுங்கிக் கிடந்த காடு என்ற எண்ணத்தை அந்தப் பானை உடைக்கிறது. அடிவாரத்தில் போளூரை ஒட்டிய திருமலையில் சமணப் பள்ளியும், முதலாம் இராசேந்திரனின் கங்கை வெற்றியைச் சொல்லும் பாறைக் கல்வெட்டும் இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெஷிகர்களின் மொழியில் ஊருக்கு அல்தெபெத்ல் என்று பெயர்; நீர்-மலை என்று பொருள். ஏரித் தீவில் இயற்கையான மலை இல்லாதபோது அவர்கள் கோயிலையே மலையாகக் கட்டினார்கள். பெருங்கோயிலின் ஒரு பாதி அவர்கள் புராணத்துப் பாம்பு மலை. நம்மவர்களுக்கு மலை இருந்தது. அதிலிருந்து சேயாறும் நாகநதியும் பிறந்து கீழே வயலுக்குப் போயின. கட்ட வேண்டிய தேவை குறைவாக இருந்தது. அடையாளம் வைத்தால் போதுமாக இருந்தது. ஜவ்வாது மலையில் பெருங்கோபுரம் ஏன் எழவில்லை என்று கேட்பவர்களுக்கு, வறுமை என்ற ஒரே விடையைத் தருவது நியாயமாகாது.

மறுபடி புதைத்த தெய்வம்

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது மெக்சிகோவின் இன்னொரு நிகழ்ச்சி நினைவில் வைக்கத் தக்கது. 1790 ஆகஸ்டில் நகரச் சதுக்கத்தைச் சீரமைத்தபோது கோவாத்லிகுவே என்ற தாய்த்தெய்வத்தின் பெருஞ்சிலை வெளிப்பட்டது. பல்கலைக்கழக முற்றத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நாட்டு மக்கள் ரகசியமாக மெழுகுவத்தியும் பூவும் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். இதைக் கண்டதும் சிலையை மறுபடி மண்ணில் புதைத்துவிட்டார்கள். 1803இல் மெக்சிகோ வந்த ஹம்போல்ட் என்ற அறிஞருக்காக ஒருமுறை தோண்டிக் காட்டி, திரும்பவும் மூடினார்கள். படிக்க வந்தவருக்குத் திறந்தார்கள். கும்பிட வந்தவருக்கு மூடினார்கள்.

நம் சட்டங்கள் அவ்வளவு கொடியவை இல்லை. ஆனால் முள்வேலியும் அறிவிப்புப் பலகையும் அந்தத் திசையில்தான் போகின்றன. தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் ஒரு சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வழி செய்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பண்பாட்டு மரபைச் சிதைவிலிருந்து காக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் காட்டில் உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் தருகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் நடக்கின்றன. கல்திட்டை மேட்டைப் பாதுகாக்கும் ஒவ்வொரு முடிவிலும் அந்த ஊர்க் கிராம சபை முதல் கையொப்பம் இட வேண்டும். கோயிலில் இருக்கும் கோடாரியை அளந்து, படம் எடுத்து, எந்த நிலத்தில் கிடைத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவர வேண்டும். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குப் போனால் கல் பிழைக்கும்; அது எப்படிச் சாமி ஆயிற்று என்ற செய்தி பிழைக்காது.

புதையல் தேடிகள் மூடுகல்லைப் புரட்டிப் போடுகிறார்கள். வீட்டுக்கு அடித்தளம் போடப் பலகைக் கல் உதவும் என்று எடுத்தவர்களும் உண்டு. கோடை விழாவுக்கு மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்கு வரும் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகுகிறது. சுற்றுலாப் பாதை போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அறைக்கும் எண் கொடுத்து, துளையின் திசையும் கற்களின் அளவும் குறித்து ஒரு முழுப் பதிவேடு தயாராக வேண்டும். ஒன்றிரண்டை முறையாகத் தோண்டிக் காலம் கணிக்க வேண்டும். இது அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டிய வேலை, இந்தப் பத்தாண்டுக்குள் செய்ய வேண்டிய வேலை.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. மலைக்குப் போனால் ஊர்ப் பெரியவரைக் கேட்டு, அவரோடு போங்கள். மூடுகல்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். வழியில் வழவழப்பான கறுப்புக் கல் ஒன்று கண்ணில் பட்டு, எடுத்துப் பார்க்கக் கை நீண்டால், பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.